பட்டம் தேடி நடந்த மிளகாய்

பட்டம் தவறி விதைத்த மிளகாய் ஓரிடத்தில் நிற்காது, வேரை உருவிக்கொண்டு தன் பட்டத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும் என்று விளாத்திகுளம் வட்டாரத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏனென்றால் அந்த வட்டாரத்தில் மிளகாயைப் பட்டம் தவறி விதைத்தவர் யாரும் கிடையாது. புரட்டாசி பிறந்தால் கரிசல் காட்டைப் புழுதியாக உழுது, மழை வருமுன்னே விதையைத் தூவிவிட்டு, ஐப்பசி மழைக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மழையும் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேர்ந்துவிடும், அப்பனும் பாட்டனும் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுடைய மிளகாயும் விதைத்த இடத்திலேயே நின்று காய்த்துப் பழுத்துச் சாக்கில் ஏறியது. ஆகவே இப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியவேண்டுமானால், அந்த மண்ணில் பிறந்த ஒருத்தி ரயிலேறி, நாட்டையே குறுக்கே கடந்து, ஜெய்சல்மேருக்கு அப்பால் மணல்காட்டில் இறங்கி, தப்பான மாதத்தில் விதைக்க வேண்டியிருந்தது. அவள்தான் வேலுத்தாய்.

அவள் புருஷன் காளிராஜ் கயத்தாறு பக்கத்து மின்சாரக் காற்றாடிகளில் ஏறி இறங்கிப் பழகியவன். பாலைவனத்தில் புதிதாகக் காற்றாடி நிறுத்திய கம்பெனி அவனை அங்கே மாற்றி, குடியிருக்க ஒரு வீடும் கொடுத்தது. பல ஊர்க்காரர்களும் பல பாஷைக்காரர்களும் குடியிருந்த காலனி அது: இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு ரோடு, முகப்பில் ஒரு கேட்டு, சுற்றிலும் மணல், மணலுக்கு மேலே கண்ணுக்கு எட்டிய மட்டும் சுழன்றுகொண்டிருக்கும் காற்றாடிகள். வேலுத்தாய் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியைப் பார்க்கவில்லை, குழாயைத் திருகிப் பார்க்கவில்லை, நேரே போய்ப் பின்கதவைத் திறந்தாள். அங்கே சுற்றிலும் சுவர் வைத்து, நாலு கட்டில் போடுகிற அளவுக்கு வெறும் மண் கிடந்தது. இது யாருடையது என்று கேட்டாள். வீட்டோடு சேர்ந்தது, நமக்குத்தான் என்று காளிராஜ் சொன்னதும், ஊரைவிட்டுக் கிளம்பும்போது கூட அழாதவள் அங்கே நின்று அழுதாள்.

அழுததற்குக் காரணம் உண்டு. கையில் பை பிடிக்கத் தெரிந்த வயசிலிருந்து அவள் மிளகாய் பறித்தவள். விரலெல்லாம் காந்தக் காந்த, மறந்துபோய்க் கண்ணைத் தொட்டுவிட்டுத் துடிக்கத் துடிக்க, ஊரார் காட்டில் மலை மலையாக மிளகாய் பறித்துக் குவித்திருக்கிறாள், அதில் ஒரு செடி அவளுடையதில்லை. கரிசல் சீமையில் நிலம் வைத்துப் பாடுபடுகிறவரைச் சம்சாரி என்பார்கள். விதைப்புக் காலத்தில் சம்சாரி காலையில் வரப்பில் வந்து நின்று, ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்து, "இன்னைக்குப் போடுங்க" என்பார். அதுவரைக்கும் கூலியாட்கள் விதை போட்ட ஓலைக் கொட்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்து நிற்க வேண்டும். வேலுத்தாய்க்கு நிலம் வேண்டும் என்கிற பெரிய ஆசையெல்லாம் இருந்ததில்லை, அந்த ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது மண் வந்துவிட்டது, ஊரிலிருந்து முடிந்து கொண்டுவந்த குண்டு மிளகாய் விதையும் முந்தானையில் இருந்தது, நாள்தான் பாக்கி. கேட்டுக் காவல்காரரின் மனைவி ஜம்னா, பக்கத்துக் குக்கிராமத்துக்காரி, வேலுத்தாயின் வயசுதான் இருக்கும், ஆட்டுப்பால் கொண்டுவந்தவள் இவள் மணலைக் கொத்துவதைப் பார்த்துவிட்டு, இந்தி தெரிந்த காளிராஜைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துச் சொன்னாள்: இந்தச் சீமையில் மிளகாய் போடுவதென்றால் சாவன் மாதத்து முதல் மழையில் போடவேண்டும், இப்போது போட்டால் செடி தலையெடுக்கிற நேரம் பார்த்துக் குளிர் வந்து தின்றுவிடும். சாவன் என்றால் நம்ம ஆடி என்று காளிராஜ் விளக்கம் சொன்னான். வேலுத்தாய்க்கு வந்ததே ரோஷம்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னவன் மிளகாய்க்கா சொன்னான்? மத்ததுக்கெல்லாம் ஆடி, மிளகாய்க்குப் புரட்டாசி. விளாத்திகுளத்துக்காரிக்கே மிளகாய் போடச் சொல்லித் தாராகளாக்கும்" என்றாள்.

குளிர் செடியைத் தின்னும் என்பதை அவள் நம்பவே இல்லை. அவளுக்குத் தெரிந்த குளிர் மார்கழிப் பனி, அது கோலமாவைக் கொஞ்சம் நனைக்கும், வயசானவர்களுக்குச் சளி பிடிக்க வைக்கும், அதற்கு மேல் அதற்குத் திராணி கிடையாது. பாலைவனம் என்றால் வெயில்தானே கொல்லும், வெயில் நமக்குப் புதுசா என்று நினைத்தாள். அதுவும் போகட்டும்; மண்ணும் கையில், விதையும் கையில், பக்கத்தில் வேறு சம்சாரி இல்லை என்று இருக்கும்போது, அவளாகவே ஒரு நாளைச் சொல்லியிருக்கலாம் அல்லவா, அவளுக்கு வாய் வரவில்லை. ஊரில் இருக்கிற மதினிக்குப் போன் போட்டு, முன்பு கூலிக்குப் போன காட்டுக்காரர் என்றைக்கு விதைக்கச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டு, அதே நாளில் இங்கே விதையைத் தூவினாள். மண் மட்டும்தான் அவளுடையது, நாள் காட்டுக்காரருடையது.

ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. எறும்பு பாதி விதையைத் தூக்கிப்போனது. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், காளிராஜ் குளிக்கும்போது பாத்தி கட்டித் திருப்பிவிட்ட தண்ணீர் எல்லாவற்றையும் குடித்து மிச்ச விதைகள் முளைத்து, கார்த்திகையில் இலை விரித்து, மார்கழியில் முழ உயரம் வந்தன. வேலுத்தாய் ஜம்னாவைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்க வைத்துக் காட்டினாள், ஜம்னா மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அப்புறம் குளிர் வந்தது. பொழுது சாய்ந்தால் எலும்புக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிற குளிர், காலையில் வாளித் தண்ணீர் மேல் பனி ஏடு கட்டியது, செடிகளின் குருத்து ஒவ்வொன்றாய்க் கருகத் தொடங்கியது, அவள் பழைய சேலைகளைப் போர்த்திப் பார்த்தாள், சாம்பல் தூவிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தான் பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவள் மாதிரி சோறு இறங்காமல் கிடந்தாள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், காளிராஜ் வேலையிலிருந்து வந்து டீக்குடித்துக்கொண்டிருக்க, பின்கதவுப் பக்கம் யாரோ மிதியடியில் காலைத் துடைக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. வேலுத்தாய் போய்த் திறந்தாள். செடிகள் அத்தனையும் வேரை உருவிக்கொண்டு, பெரியது முன்னாலும் சிறியது பின்னாலுமாக வரிசை கட்டி வாசல்படியில் நின்றன. அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாரது வாரீக, மண்ணைத் தட்டிட்டு வாங்க. இப்பத்தான் கூட்டினேன்" என்றாள்.

அவை மண்ணைத் தட்டிவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே ஏறி அடுப்படிக்குப் போய் அடுப்பைச் சுற்றி நின்றன. காளிராஜ் இடம் விட்டுக் காலை மடக்கிக்கொண்டான். வெளிச்சம் வந்ததும் அவை கிளம்பிப் போய் வெயில் விழுகிற சுவரோரம் நின்று காய்ந்தன, சாயந்தரம் மறுபடியும் வந்தன.

இருபதுக்கு மேற்பட்ட செடிகள், அடுப்படியோ ஆள் திரும்ப இடமில்லாதது. இடம் கிடைக்காத செடிகள் மறுநாளே அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டின, அதற்கடுத்த நாள் எதிர்வரிசைக் கதவுகளைத் தட்டின, வாரம் முடிவதற்குள் காலனியில் செடி தங்காத வீடு அபூர்வமாகிவிட்டது. முதல் நாள் குரைத்த நாய்கள் இரண்டாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பேசாமல் படுத்துக்கொண்டன. பீகாரிப் பையன்கள் சமைத்துச் சாப்பிடுகிற மெஸ்ஸில் ஒரு செடி ரொட்டி சுடுகிற தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றது, மலையாளத்து நர்ஸம்மா வீட்டில் ஒன்று டிவி பார்த்தது, பஞ்சாபிக்காரர் வீட்டுச் செடிக்குத் தினம் ஒரு கரண்டி மோர் கிடைத்ததால் அது மற்றவற்றைவிட ஒரு விரற்கடை வளர்த்தி. எந்த வீட்டிலும் செடி இருக்கும்போது வரமிளகாயைக் கிள்ளித் தாளிப்பதை விட்டுவிட்டார்கள், விருந்தாளி முன்னால் அவர்கள் சொந்தக்காரரை எண்ணெயில் போட்டுப் பொரிப்பது நன்றாக இல்லை என்று பெண்கள் கடுகோடு நிறுத்திக்கொண்டார்கள். காலையில் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் நிற்கிற இடம்தான் நல்ல வெயில் என்பதால் செடிகளும் அங்கேயே நின்றன, பஸ் போனதும் கலைந்தன. காற்றாடியில் வேலை செய்கிறவர்கள் மத்தியானத்தில் தூண் நிழலில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இரண்டு செடி வந்து நிற்கும், நிழல் நகர நகர ஆட்களும் நகர்வார்கள், செடிகளும் நகரும்.

சண்டையும் வராமல் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பில் குளிர் காய்கிற செடி நாளைக்குக் காய்த்தால் காய் யாருக்கு என்று ஒரு வீட்டில் கேட்க, அதுவே எல்லா வீட்டிலும் கேள்வியாகி, காலனிக்காரர்கள் கொடிக்கம்பத்தடியில் கூடிப் பேசினார்கள். காய் விதைத்தவளுக்கு, உதிர்கிற பூவும் இலையும் தங்குகிற வீட்டுக்கு, செடிக்கு உடம்பு சரியில்லை என்றால் செலவு பொது என்று முடிவாயிற்று. செடி எந்த வீட்டுக்குப் போகும் என்பது செடியின் இஷ்டம், யாரும் ஆசை காட்டி இழுக்கக்கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள், அதில் எல்லாரும் பஞ்சாபிக்காரரைப் பார்த்தார்கள். காலனிப் பொறுப்பாளர் கிருபாகரன், வேலூர்க்காரர், ஒழுங்கு தவறினால் தூக்கம் வராத மனுஷன், செடி நடப்பதைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை, ரோட்டில் வலதுபக்கமாக நடக்கின்றனவே என்பதுதான் குறை. லாரிக்காரர்கள் மெதுவாகப் போகும்படி ஒரு போர்டு எழுதி வைத்தார், செடிகளும் இடதுபக்கம் நடக்கப் பழகிக்கொண்டன.

தை மாதத்தில் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. டேங்கரில் வருகிற தண்ணீரை வீட்டுக்காரர்கள் பின்புற மண்ணில் கொட்டி வீணாக்குகிறார்கள், காற்றடித்தால் அந்த மண் வேறு பறக்கிறது, ஆகவே எல்லா வீட்டுப் பின்புறத்தையும் மஞ்சள் கல் பதித்து மூடிவிடவேண்டும், நிற்கிற பயிர் இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடலாம். கிருபாகரன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பார்த்து வந்தார். மற்ற வீட்டார் கல் பதித்தால் துணி காயப்போட வசதி என்று சந்தோஷப்பட்டார்கள். வேலுத்தாய் வீட்டுக்கு அவர் வந்தது நடுப்பகல். பின்புறத்தில் செடிகள் கிளம்பிப்போன குழிகள்தான் இருந்தன.

"பயிர் எங்கம்மா?" என்றார்.

"வெளிய போயிருக்கு சார். பொழுது சாயவும் வந்துரும்."

"வெளிய போற பயிரை நிக்கிற பயிர்னு நான் எப்படிம்மா எடுத்துக்கறது? நிக்கணும். வேர் ஊணி, உங்க மண்ணுல நிக்கணும்."

அவர் கெட்டவர் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். கல் பதிக்கிற ஆட்களுக்கு இப்போது வேறிடத்தில் வேலை, வெயில் காலத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆடி மாதம்தான் திரும்பி வருவார்கள், அதற்குள் செடி நின்றால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலுத்தாய் அந்தக் குழிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளில் ஒரு தடவை கிடைத்த மண், அதில் தன் வாயால் ஒரு நாளைச் சொல்லிப் பார்க்குமுன்னே அதன் மேல் கல் ஏறப்போகிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ஆட்டைக் கட்டுவதுபோல் கயிற்றில் கட்டிப்போடு என்று காளிராஜ் யோசனை சொன்னான். ஒரு செடியைக் கட்டிப் பார்த்தாள். அது அன்றைக்கே வாடி, கட்டை அவிழ்த்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. கெஞ்சினாள், அதட்டினாள், கரிசல் மண் இல்லை என்றுதான் கோபமோ என்று கறுப்பாக ஏதாவது கிடைக்குமா என அடுப்புக் கரியை நுணுக்கிப் போட்டாள். சாயந்தரம் அவை வரும், மண்ணை முகர்ந்து பார்க்கும், இது அது இல்லை என்பதுபோல் அடுப்படிக்குப் போய்விடும். குளிர் போய் மாசி பங்குனியில் நாலு பூ வைத்தன, பூ நிற்குமுன்னே வெயில் வந்து அதையும் உதிர்த்தது. சித்திரையில் நெருப்பாய் அனல்காற்று வீச ஆரம்பித்த ஒரு மத்தியானம், செடிகள் எல்லாம் ஒன்றாய்க் கூடி, கேட்டில் கம்பியைத் தூக்கிவிட்ட காவல்காரருக்குத் தலையசைத்துவிட்டு, காலனியை விட்டே போய்விட்டன.

அன்று சாயந்தரம் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தே கிடந்தன, ஒன்றும் வரவில்லை. மெஸ்ஸில் ரொட்டி கருகியது, கருகியதையே தின்றார்கள். அப்புறம் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது: ஒட்டகக்காரர் ஒருவர் வெகுதூரத்தில் ஒரு வன்னிமரத்தடியில் அவை கூட்டமாய் நிற்பதைப் பார்த்தாராம், உப்பு லாரி டிரைவர் ஒருவர் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டாராம், ஒரு கிணற்றடியில் பெண்கள் குடம் கவிழ்த்துத் தண்ணீர் விட்டார்களாம். வேலுத்தாய் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அதற்குள் அவளுக்கு ஜம்னாவோடு பேசுகிற அளவுக்கு இந்தி வந்திருந்தது. ஜம்னா ஒளிவுமறைவில்லாதவள், வந்த வீட்டில் வேண்டியது கிடைக்காதவள் எங்கேயாவது போகத்தான் செய்வாள், அவற்றுக்குச் சோறும் தண்ணியும் கொடுத்தாய், வேளையைக் கொடுக்கவில்லையே, அதைத் தேடித்தான் போயிருக்கின்றன என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வேலுத்தாய்க்குக் கோபம் வரவில்லை, சொன்னது உண்மை என்பது உறைத்தது.

ஆடி நெருங்கியது. பழைய வழக்கத்தில் அவள் மதினிக்குப் போன் போட்டு, ஆடியில் மிளகாய் போட நாள் எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள்.

"ஆடியில மிளகாயா? நல்லாக் கேட்ட போ. காட்டுக்காரரு காதுல விழுந்தா வயிறு வலிக்கச் சிரிப்பாக" என்றாள் மதினி.

போனை வைத்த பிறகுதான் வேலுத்தாய்க்கு விளங்கியது. இந்த மண்ணுக்கான நாளை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது, இரவல் வாங்க ஆளில்லை. ஜம்னாவிடம் கேட்டதற்கு அவளும் கையை விரித்தாள். முதல் மழை என்பார்கள், ஆனால் எந்த மழை முதல் மழை, எது சும்மா தூசி அடக்கிவிட்டுப் போகிற மழை என்பது அந்தந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பவளுக்குத்தான் தெரியும் என்றாள். அன்றிலிருந்து வேலுத்தாய் காலையும் மாலையும் பின்புறத்தில் உட்கார்ந்து மணலைக் கிளறினாள், மேலே சுடுவதும் ஒரு சாண் ஆழத்தில் வெதுவெதுப்பாக இருப்பதும் விரலுக்குப் பழகியது. ஒருநாள் தூறல் விழுந்தது, எல்லாரும் ஓடிவந்தார்கள், அவள் மண்ணைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையில் ஒட்டியதைத் தட்டிவிட்டாள்.

கல் லாரிகள் வந்தன. மஞ்சள் கற்களைக் கேட்டுக்கு உள்ளே அடுக்கி முடித்த அன்று மத்தியானத்திலிருந்து மேற்கே வானம் கறுத்தது, மறுநாள் காலை கொத்தனார்கள் முதல் வீட்டுப் பின்புறத்தில் முதல் கல்லை இறக்கிய நேரத்தில் மழை கொட்டியது. மணல்காட்டில் அப்படி ஒரு மழையை ஜம்னாவே பார்த்ததில்லையாம். காற்றாடிகள் எல்லாம் முகம் கழுவிக்கொண்டு நின்றன, ரோடு ஓடையாகியது, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மழை விட்டும் விடாமலும் இருக்கையில் காவல்காரர் கேட்டிலிருந்து விசில் ஊதினார். எல்லாரும் வந்து பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே, சேற்றில் வேரை நனைத்துக்கொண்டு, இடுப்புயரம் வளர்ந்து, கிளை விட்டு, இலையெல்லாம் பளபளக்க, செடிகள் நின்றன.

காவல்காரர் கம்பியைத் தூக்கினார், செடிகள் உள்ளே வரவில்லை. பஞ்சாபிக்காரர் மோர்ச் சொம்போடு ஓடிவந்து தன் செடியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நர்ஸம்மா மோளே மோளே என்றாள், மெஸ் பையன்கள் கைதட்டிப் பாட்டுப் பாடினார்கள், ஒரு இலை அசையவில்லை. கிருபாகரன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, வருவதென்றால் வரட்டும், இல்லையென்றால் கொத்தனார்களுக்கு நேரமாகிறது என்றார். எல்லாரும் மாறி மாறிக் கூப்பிட்டு ஓய்ந்தபோது வேலுத்தாய்க்குப் புரிந்தது. கொட்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்படியில் அவள் நின்ற நிற்பு அது. எத்தனை வருஷம் அப்படி நின்றிருக்கிறாள், அவளுக்கா தெரியாது. அவை நாளைச் சொல்லக் காத்திருந்தன.

அவளுக்குப் பயம் வந்தது. ஒரு தடவை அடுத்தவர் நாளை வாங்கிப் போட்டு அவற்றைக் குளிரிலும் அனலிலும் அலையவிட்டாயிற்று. இப்போது தன் வாயால் சொல்லி அதுவும் தப்பாய்ப் போனால் அந்தப் பாவத்தைக் கொண்டுபோய் யார் தலையில் இறக்கி வைப்பது? இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னாலோ சாயந்தரத்துக்குள் கல் ஏறிவிடும். அவள் யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்து பின்புறம் போனாள், கூட்டமும் பின்னாலேயே வந்தது, கூட்டத்துக்குப் பின்னால் செடிகள் வந்து பின்கதவு வாசலில் நின்றன. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். பிடித்தால் பிடிபட்டது, தொட்டால் உதிர்ந்தது. இன்னும் ஆழமாகக் கையை விட்டாள், ஈரம் முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது, அதற்குக் கீழே இதமான சூடு. கல்லையும் கிருபாகரனையும் மறந்தாள், காட்டுக்காரரையும் மறந்தாள், மண் மட்டும்தான் கையில் இருந்தது. இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது, யாரும் சொல்லாமல் தெரிந்தது, தெரிந்தவுடன் பயம் போய்விட்டது.

நிமிர்ந்து செடிகளைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் நாள்" என்றாள், காலனி முழுக்கக் கேட்கிற குரலில். "எறங்குங்க."

செடிகள் இறங்கின. தாம் குளிர்காய்ந்த வீட்டை மறக்காத செடிகள் அந்தந்த வீட்டுப் பின்புறத்துக்கு ஓடின, அவள் அடுப்படியில் நின்றவை அவள் மண்ணில் அவரவர் இடம் பார்த்து நின்றன, நின்று வேரைக் கீழே விட்டன, விட்ட வேர் விட்டதுதான், அப்புறம் ஒரு செடியும் ஒரு அடி நகரவில்லை. முதல் வீட்டில் கல்லை இறக்கியிருந்த கொத்தனார், தன் முன்னால் ஒரு செடி வந்து பொறுமையாகக் காத்து நிற்பதைப் பார்த்துவிட்டுக் கல்லைப் பெயர்த்து எடுத்து வழிவிட்டார். துணி காயப்போட இடம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்ட வீட்டார் எல்லாம் இப்போது செடிக்கு முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார்கள். கிருபாகரன் குடையோடு வீடு வீடாகப் போய்ப் பார்த்தார், செடியின் தூரைப் பிடித்து மெல்ல ஆட்டியும் பார்த்தார். நிற்கிற பயிர்தான், சந்தேகமில்லை, உத்தரவு உத்தரவுதான் என்று சொல்லிக் கொத்தனார்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒழுங்கு கெடாமல் ஒரு நல்ல காரியம் நடந்ததில் அவருக்கும் உள்ளூர சந்தோஷம்.

ஐப்பசியில் பழுத்தன பாருங்கள், அப்படிப் பழுத்த மிளகாயை விளாத்திகுளம் கண்டதில்லை. குண்டு குண்டாய், சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு, குளிர் எட்டிப் பார்க்குமுன் பறித்து முடிக்க வீட்டுக்கு வீடு ஆள் போதவில்லை. லாரிக்காரர்கள் திரும்ப ஏற்ற மாட்டோம் என்று விட்டுப்போன மஞ்சள் கற்களைக் கேட்டுக்கு வெளியே பரப்பி மிளகாயைக் காயப்போட்டார்கள், அதன் நெடியில் காலனி முழுவதும் தும்மியது, தும்மித் தும்மிச் சிரித்தது. காய் விதைத்தவளுக்கே என்று தீர்மானம் இருந்தாலும் வேலுத்தாய் ஒவ்வொரு வீட்டுக்கும் மரக்காலால் அளந்து போட்டாள். எடுத்துக்கோங்க என்று சொல்லும்போது அவளுக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அதை மறைக்க அவள் கொஞ்சம்கூட முயற்சி பண்ணவில்லை. காளிராஜ் தமிழ் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சம்சாரி என்றால் என்னவென்று விளக்கிச் சொல்லி வைத்தான், அன்றுமுதல் காலனியில் அவளுக்கு அதுதான் பெயர். அந்தப் பழத்தில் எடுத்த விதை எதுவும் அதற்கப்புறம் நடக்கவில்லை, நடக்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு வரவில்லை.

மறு வருஷம் ஆடி பிறந்து மேற்கே கறுத்தபோது, காலனிக்காரர்கள் மட்டுமில்லை, ஜம்னாவின் ஊரிலிருந்தும் அதற்கப்பால் பெயர் தெரியாத ஊர்களிலிருந்தும் ஒட்டகத்திலும் டிராக்டரிலும் ஆட்கள் வந்து, துணியில் முடிந்த விதையோடு வேலுத்தாய் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், கிருபாகரனும் ஆபீஸுக்குப் பின்னால் போடுவதற்கென்று ஒரு பொட்டலத்தோடு வரிசையில் நின்றார். மழை பெய்து ஓய்ந்தது. வேலுத்தாய் கதவைத் திறந்துகொண்டு வந்தாள், ஈர மண்ணை ஒரு பிடி அள்ளினாள், பிடித்தாள், உதிர்த்தாள், முகர்ந்தாள், அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

"இன்னும் ஆகல" என்றாள். "ஆகவும் சொல்லுதேன்."

கையைத் தட்டிவிட்டு உள்ளே போய், ஆற அமர உட்கார்ந்து காப்பி குடித்தாள். வாசலில் பாலைவனமே காத்திருந்தது.